பதின்மூன்றாவது தட்டு

மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, பிறகு முழங்கையிலிருந்து பத்து, பிறகு தோளிலிருந்து முழுக் கையும் விழுகிற மாதிரிப் பத்து. கஜன் அதைச் சமையல் குறிப்பை ஒப்பிப்பவன் போல வாய்க்குள் சொல்லிக்கொண்டு, தான் வெட்டிய பனிக்குழிக்குள் முழங்காலில் நின்றான். குழி அவன் இடுப்பளவுதான். நவம்பரில் அதற்கு மேல் தோண்டுவதற்குப் பனி இல்லை. அடியில் மஞ்சள் புல்லும் கறுத்த கல்லும் தெரிந்தன. குழியின் மேற்சுவரில் ஒரு அடி அகலத்தில் ஒரு தூணை நாலு பக்கமும் அறுத்துப் பிரித்து, அதன் தலையில் பனி அள்ளுகிற சவளின் தகட்டைக் கவிழ்த்து வைத்திருந்தான். அந்தத் தகட்டின் மேல்தான் தட்ட வேண்டும். எத்தனையாவது தட்டில் தூண் உடைகிறதோ அதை வைத்து, மேலே ஏறப்போகிற சரிவு ஆளைத் தாங்குமா என்று ஒரு முடிவுக்கு வரலாம். வத்சலா குழியின் விளிம்பில், அவனுடைய இரண்டு ஸ்கித் தடிகளையும் தன்னுடைய இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒண்டு," என்றான் கஜன். கையுறை தகட்டில் பட்டது கேட்கவே இல்லை. "ரெண்டு." அவளுக்கு எண்ண விருப்பமில்லை. ஆனால் ஒரு எண் காதில் விழுந்தால் மனம் தானாகவே அடுத்த எண்ணில் போய் நின்று காத்திருக்கிறது. ஒரு வருடமாக அவளுக்கு அப்படித்தான். படிக்கட்டு ஏறினால் படிகள், தேநீர் ஊறினால் விநாடிகள், பஸ் நிறுத்தத்தில் முன்னால் நிற்கிற தலைகள். பதினைந்து வந்ததும் ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்திவிடுவாள். பனிக்குள் புதைந்தவர் பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே வந்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார் என்று அந்தப் பனிச்சரிவு வகுப்பில் சொல்லித் தந்தார்கள். பதினாறாவது நிமிடத்தைப் பற்றிச் சொன்னபோது ஆசிரியர் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவள் அன்று பக்கத்தில் இருந்த கணவர் ரமணீதரனைப் பார்த்தாள். அவர் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிற மனுசன்.

"மூண்டு. நாலு. என்ன அண்ணி, குளிருதோ?" "இல்லை, நீங்கள் தட்டுங்கோ." குளிரத்தான் செய்தது, ஆனால் அது கால்விரலில் இருந்தது, அதற்கும் பேச்சுக்கும் தொடர்பில்லை. எதிரே மலை. இந்த மலைக்கு நோர்வேக்காரர் வைத்த பேர் ஒன்று இருக்கிறது, வரைபடத்தில் இருக்கிறது, ஊரிலுள்ள தமிழர் யாரும் அதைச் சொல்வதில்லை. கழுவிக் கவிழ்த்து வைத்த தாச்சிச் சட்டியைப் போலிருக்கிறது என்று ரமணீதரன் ஒருநாள் மீன் தொழிற்சாலையின் வாகனத் தரிப்பிடத்தில் நின்று சொல்லப்போக, அன்றிலிருந்து அது தாச்சி. தாச்சியில் பனி விழுந்திட்டுதாம். தாச்சிக்குப் பின்னால சூரியன் போட்டுதாம், இனித் தை மாதம்தான். சூரியன் போய்ப் பத்து நாள் இருக்கும். இப்போது நேரம் பதினொன்றரை, நடுப்பகல், வானம் நீலமும் இல்லை கறுப்பும் இல்லை, தெற்கே கடல்முகத்தில் மட்டும் ஒரு மெல்லிய செம்மை. இந்த வெளிச்சத்தில் நிழல் விழாது. நிழல் விழாவிட்டால் சரிவு எங்கே குழிகிறது எங்கே புடைக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது; முழுமலையும் ஒரே வெள்ளைத் துணியாகத் தெரியும். போன வருடமும் இதே வெளிச்சம். போன வருடமும் ஒக்டோபரில் முதல் பனி விழுந்தது, பிறகு இரண்டு கிழமை வானம் வெளித்துக் கடுங்குளிர் அடித்தது, விழுந்த பனி நிலத்தோடு கிடந்து சீனியாகியது. உள்ளங்கையில் அள்ளினால் ஒட்டாது, பிடித்தால் உருண்டையாகாது, விரலுக்கிடையால் ஓடிவிடும். அந்தச் சீனிக்கு மேல்தான் பிறகு வருகிற புயல்கள் எல்லாம் தங்கள் பாரத்தை இறக்கும். இந்த வருடமும் அப்படியே. மூன்று நாளுக்கு முன் தென்மேற்கிலிருந்து அடித்த காற்று மலையின் அந்தப் பக்கத்துப் பனியை வாரி இந்தப் பக்கத்தில் அப்பிவைத்துவிட்டுப் போயிருந்தது. பனிச்சரிவு அறிக்கையில் ஆபத்து மூன்று என்று போட்டிருந்தார்கள். ஐந்தில் மூன்று. "மூண்டு எண்டா நடுவில தானே அண்ணி, பாஸ் மார்க்ஸ்," என்றான் கஜன், காலையில் காரில். அவள் சிரித்துவிட்டாள். சிரித்தது நினைவுக்கு வந்ததும் முகம் சுண்டியது.

"அஞ்சு." அவன் மெதுவாகத் தட்டினான். ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் குனிந்து தூணின் முகத்தில் கீறல் ஏதும் ஓடியிருக்கிறதா என்று பார்த்தான். அண்ணனின் பொறுமை இவனுக்கு இல்லை என்று மாமி சொல்வா, ஆனால் இந்த ஒரு வேலையில் இருக்கிறது. ரமணீதரன் போனபிறகு ஒஸ்லோவில் பார்த்துக்கொண்டிருந்த பஸ் திருத்துகிற வேலையை விட்டுவிட்டு, இந்த வடக்குக்கு, இந்த இருட்டுக்கு, இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினான். ஏன் வந்தாய் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் மகள் ஆரணியை நீச்சலுக்குக் கூட்டிப்போவது அவன், கார்ச் சில்லு மாற்றுவது அவன், அண்ணனின் வருசம் திரும்புகிற ஆட்டைத் திவசத்துக்குத் தலை மழித்துக்கொண்டு உட்கார்ந்ததும் அவன். ஆட்டைத் திவசம் திதிப்படி போன கிழமை முடிந்துவிட்டது. ஐயர் ஒஸ்லோவிலிருந்து தொலைபேசித் திரையில் மந்திரம் சொல்ல, சமையலறை மேசையில் பிண்டம் வைத்தார்கள். சூரியன் இல்லாத ஊரில் எந்தப் பக்கம் கிழக்கு என்று ஐயர் கேட்க, கஜன் பனிச்சறுக்குக்குக் கொண்டுபோகிற திசைகாட்டியை எடுத்துப் பார்த்துச் சொன்னான். ஆனால் இந்த நாட்டுக் கணக்கில் அந்தத் திகதி இன்னும் வரவில்லை. வருகிற புதன். ஆக, திதிக்கும் திகதிக்கும் இடையில் பதினொரு நாள், ரமணீதரன் ஒரு கணக்கில் வருடம் திரும்பியவராகவும் ஒரு கணக்கில் இன்னும் சாகாதவராகவும் இருக்கிறார். இந்தப் பதினொரு நாளில் இதுவரை அவளுக்கு நித்திரை இல்லை. போன வருடம் இந்தச் சனிக்கிழமை அவர் உயிரோடு இருந்தார், இதே நேரம் உலர்த்தியிலிருந்து காலுறைகளை எடுத்துச் சோடி சேர்த்துக்கொண்டிருந்தார், ஒரு காலுறை கூடத் தனித்துப் போனதில்லை அவரிடம். ஆறு.

ரமணீதரனை மறதிக்காரன் என்கிறார்கள். முதலில் யார் சொன்னார்கள் என்று அவள் பலமுறை பின்னால் போய்த் தேடியிருக்கிறாள். செத்தவீட்டில் மாமிதான் சொன்னா. என்ர பிள்ளை சின்னனிலயும் உப்பிடித்தான், பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் புத்தகப் பையை வழியில வைச்சிட்டு வந்திடுவான், மறதிக்காரன், கடைசியில மறதிதான் கொண்டு போட்டுது. அழுகைக்கு நடுவே யாரோ சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு அந்த நேரம் எல்லோருக்கும் தேவைப்பட்டது, பிறகு ஆளுக்கொரு கதை வந்தது. ஒருவர் தன் கலியாணத்துக்கு அவர் மோதிரத்தை மறந்ததாகச் சொன்னார். அது வேறு யாரோ. எல்லோரையும் போல அவரும் ஒன்றிரண்டு மறந்திருப்பார். ஆனால் ஊரில் இருக்கிற அத்தனை பேரின் பிறந்தநாளும், முப்பத்தெட்டாம் இலக்க பஸ் ஞாயிற்றுக்கிழமையில் எத்தனை மணிக்கு என்பதும், அவளுக்கு எந்தக் குளிசை ஒத்துக்கொள்ளாது என்பதும் அவருக்கு நினைவில் இருந்தன. அவள் அன்று வாயைத் திறந்து இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு தலையசைப்புப் போதும். அவள் சுவரில் சாய்ந்திருந்தாள், யாரோ அவள் கையில் கோப்பியைத் திணித்தார்கள், அவள் குடித்தாள். ஒரு வருடத்துக்குள் கதை கெட்டிப்பட்டுவிட்டது. இப்போது ஆரணிக்குப் பதினொரு வயது, புறங்கையில் பேனையால் எழுதிக்கொண்டு போகிறாள்: நீச்சல் உடுப்பு, கணக்குக் கொப்பி, சனி மூன்று மணி. குளிக்கும்போது அழிந்துபோனால் அழுகிறாள். ஏனம்மா என்றால், நான் அப்பாவின்ர பிள்ளையெல்லோ, எனக்கும் மறந்திடும். ஏழு. எட்டு. எட்டோடு நின்றால் நல்லது என்று நினைத்தாள், இப்போதே உடைந்துவிட்டால் இவன் திரும்பிவிடுவான், ஒன்றும் பேசத் தேவையில்லை, கீழே போய் வெதுவெதுப்பான காருக்குள் ஏறிக்கொள்ளலாம். ஒன்பது. உடையவில்லை.

"பத்து. பாத்தியளே, ஒண்டுமில்லை," கஜன் நிமிர்ந்தான். மூக்கிலிருந்து நீர் ஒழுகி மீசையில் உறைந்திருந்தது. "இனி முழங்கை." அவன் தகட்டைச் சரிசெய்துகொண்டான். மார்பில், மேற்சட்டையின் பிளவுக்குள், அந்தச் சிறு கருவியின் ஆரஞ்சு வார் தெரிந்தது. பீப்பர். ஆள் பனிக்குள் போனால் வெளியில் நிற்பவர் கண்டுபிடிப்பதற்காக மார்போடு கட்டிக்கொள்வது. சாதாரணமாக அது அழைப்பில் இருக்கும், விடாமல் நான் இங்கே நான் இங்கே என்று சொல்லிக்கொண்டிருக்கும். யாராவது புதைந்தால் மற்றவர் தன்னுடையதைத் தேடலுக்குத் திருப்பி அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். தேடலில் இருக்கிற கருவி அழைக்காது. அதனால்தான் காரிலிருந்து இறங்கியதும் ஒருவரை ஒருவர் சோதிக்கிற வழக்கம். ஒருவர் தேடலுக்குத் திருப்பி மற்றவரின் சத்தம் வருகிறதா என்று பார்ப்பார், பிறகு தன்னுடையதைத் திரும்ப அழைப்புக்கு மாற்றிவிட்டு, இப்போது என்னைப் பார் என்பார். இந்தக் கடைசிப் பாதிதான் கரைச்சல். கையுறையைக் கழற்ற வேண்டும், சட்டையின் இழுப்பைக் கீழே இறக்க வேண்டும், காற்று உள்ளே புகும். இருநூறு தடவை பார்த்திருப்பாள், இருநூறு தடவையும் சத்தம் வந்தது. இன்று காலை கஜனுடையதை மூன்று தரம் பார்த்தாள். அவன் கையை விரித்துக்கொண்டு நின்று, "மூண்டு தரம் பாத்தா எனக்கு மூண்டு உயிர் வருமே அண்ணி?" என்றான். போன வருடம் அவர் கேட்டார். அவளுடையதைப் பார்த்து முடித்து, இருபது அடி தள்ளி நின்று, முகம் அவள் பக்கம் திரும்பியபடி, வத்சி, என்ரைய ஒருக்காப் பார். அவள் கோபத்தில் இருந்தாள். நத்தார் விடுமுறைக்கு ஒஸ்லோவுக்கு வருகிறோம் என்று அவளிடம் ஒரு சொல் கேட்காமல் முதல்நாள் மாமியிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டார், அதைக் காரில் வைத்துத்தான் அவளிடம் சொன்னார், அதுவும் சிரித்துக்கொண்டு. பெரிய கோபம் இல்லை. மத்தியானம் சாப்பாட்டோடு போய்விடக்கூடிய அளவு கோபம். அவள் கையுறையைக் கழற்றவில்லை. அவள் தடியைத் தூக்கினாள். தலைக்கு மேலே, நேராக. தூரத்தில் நிற்பவருக்குச் சரி என்பதற்கு அதுதான் அடையாளம். அவர் திரும்பி நடந்தார்.

பதினொன்று. சத்தம் இப்போது கேட்டது, தகட்டின் மெல்லிய உலோகச் சத்தம். அன்று மேலே அந்தக் குறுகிய சரிவில் அவர் முதலில் இறங்கினார், ஒவ்வொருவராகத்தான் இறங்க வேண்டும், அவள் இந்த மேட்டில்தான், இங்கேதான், இதே இடத்தில் இருந்திருக்கலாம், நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் பெரிதாக இல்லை. அரிசி மூட்டையை நிலத்தில் வைத்த மாதிரி ஒரு சத்தம், காதுக்கு வராமல் காலுக்கு வந்தது. பிறகு அவருக்கு மேலே ஒரு கோடு, பென்சிலால் கீறிய கோடு, கோட்டுக்குக் கீழே பனி முழுதும் அவரோடு ஓடியது. அவள் தன்னுடையதைத் தேடலுக்குத் திருப்பிக்கொண்டு ஓடினாள். திரையில் எண் வர வேண்டும், நாற்பது, முப்பத்தாறு, இருபது என்று இறங்க வேண்டும். திரை வெறுமையாக இருந்தது. தட்டிப் பார்த்தாள், நிறுத்தித் திருப்பிப் போட்டாள், மின்கலம் போய்விட்டது என்று நினைத்தாள், கருவி பழுது என்று நினைத்தாள், மேலும் கீழுமாக நடந்தாள், ஏதாவது ஒரு கையுறை, ஒரு தொப்பி வெளியே தெரிகிறதா என்று. அவளுக்குக் காரணம் தெரியும். அந்த வெறும் திரையைப் பார்த்த முதல் விநாடியே தெரியும். தெரிந்துகொண்டே மின்கலத்தைக் கழற்றி மாட்டினாள். ஐம்பத்திரண்டு நிமிடம் கழித்து மீட்புக்குழுவின் நாய்தான் அவரைக் கண்டது. எண்பது சென்டிமீற்றர். அது ஆழமே இல்லை, நின்றால் அவர் இடுப்புக்கு வரும். அவள் அதற்கு மேலால் இரண்டு தடவை நடந்திருந்தாள், அடிச்சுவடு இருந்தது. பன்னிரண்டு. பொலிஸ்காரர் இளம் ஆள், இந்தப் பக்கத்தவர். கருவி தேடலில் இருந்தது என்றார், புறப்படும்போது சோதித்தீர்களா என்று கேட்டார். இந்த வடக்கில் ஆம் என்பதை மூச்சை உள்ளே இழுத்துச் சொல்வார்கள். வார்த்தை இல்லை, உதடு பிரிந்து ஒரு சிறு காற்று உள்ளே போகும். ஐந்து வயதில் வந்தவள், அவளும் அப்படித்தான் சொல்வாள். இழுத்தாள். அழுகையின் விக்கல் என்று பிறகு தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்கிறாள். இல்லை. அது ஆம்தான். அவர் எழுதிக்கொண்டார். சோதித்தபோது சரியாக இருந்தது. பிறகு எதற்கோ தேடலுக்குத் திருப்பியவர் மறந்துவிட்டார். அந்த எழுத்திலிருந்துதான் மறதிக்காரன் பிறந்தான். மாமி சொல்லவில்லை. முதலில் சொன்னது அவள்தான்.

"பதின்மூண்டு."

தூணின் அடிப்பாகம் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. உடைந்தது என்று சொல்ல முடியாது. மேலே இருந்த முழுக் கட்டியும் இழுப்பறை திறப்பதுபோல ஒரே அசைவில் முன்னால் நகர்ந்து கஜனின் மடியில் விழுந்தது. அடியில் சீனி. அவன் அதை விரலால் தொட்டுப் பார்த்தான். அது கலகலத்துப் புல்லுக்குள் ஓடியது.

"பதின்மூண்டு," என்றான் மறுபடி. "அவ்வளவு மோசமில்லை."

"வழுக்கிக்கொண்டு வந்தது கஜன்."

"இதில. இது மேடு, காத்து இதில கொண்டுவந்து கொட்டியிருக்கும். மேல வேற மாதிரி இருக்கும்." அவன் சவளைப் பிடியில் மாட்டினான். "அண்ணி, நீங்கள் வரத் தேவையில்லை. நான் மட்டும் மேல போய் அண்ணா இறங்கின அந்த ஒடுக்கால ஒருக்கா இறங்கிறன். நீங்கள் இதில நில்லுங்கோ."

அவள் தடிகளைக் கொடுக்கவில்லை.

"தாங்கோவன்."

"வேண்டாம் கஜன். போவம். புதுப் பனி, ஒரு கிழமை பொறுத்தால் எல்லாம் இறுகிப்போம்."

"புதன்கிழமை வரேக்க நான் அதால இறங்கியிருக்கோணும்." அவன் மேலே பார்த்தான். அந்த வெளிச்சத்தில் அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. "உங்களுக்கு விசராத் தெரியும். அம்மாவும் அதைத்தான் சொல்லுறா. குண்டுக்குத் தப்பி வந்தனீங்கள், காலில கட்டையைக் கட்டிக்கொண்டு சாகவோ எண்டு. ஆனா அண்ணி, அண்ணா சரிவில சாகேல்ல. ஒரு வருசமா எல்லாரும் மலையைப் பேசினம். மலை என்ன செய்தது? பீப்பர் ஒழுங்கா இருந்திருந்தா பத்து நிமிசத்தில நீங்கள் கிண்டி எடுத்திருப்பியள். எண்பது சென்ரிமீற்றர். சும்மா ஒரு கிடங்கு. தன்ர மறதியால செத்தவர். எனக்கு அவரில கோவம் கோவமா வருது, தெரியுமே? நித்திரையில கூட அவரோட சண்டை பிடிக்கிறன். நான் மறக்க மாட்டன். அதுதான் வித்தியாசம்." அவன் கையை நீட்டினான். "வேற என்ன? நீங்கள் பாத்துக்கொண்டு நிக்கேக்க எனக்கு என்ன நடக்கப்போகுது?"

இந்த வசனத்தை இவன் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் தடியைக் கொடுத்திருப்பாளோ. கொடுத்துவிட்டு, மூன்று தரம் சோதித்தாயிற்று, இவன் இளம் ஆள், நான் கண்ணெடுக்காமல் பார்ப்பேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நின்றிருப்பாளோ. நின்றிருப்பாள். அவளுக்கு அது தெரிந்தது, அதுதான் பயமாக இருந்தது, மலையை விட. இவன் மறதியைத்தான் எதிரி என்று எண்ணிக்கொண்டிருக்கிறான், இல்லாத ஒரு மறதியை, அவள் உண்டாக்கிய ஒன்றை. அது தன்னிடம் இல்லை என்ற தைரியத்தில் மேலே ஏறப்போகிறான். மூன்று மணிக்கு ஆரணியை நீச்சலில் விட வேண்டும், இவன்தான் விட வேண்டும். சொன்னால் இனி விடுவானா. சொன்னால் மாமி, ஊர், அந்த மோதிரக் கதை சொன்னவர், எல்லோர் முகமும் ஒரு வரிசையாகத் திரும்பும். சொல்லாவிட்டால். எங்கிருந்து தொடங்குவது என்று தேடினாள், எல்லா இடமும் நடுவாகவே இருந்தது.

"அவர் மறக்கேல்ல."

"என்ன?"

"அவர் என்னைப் பாக்கச் சொன்னவர். வத்சி, என்ரைய ஒருக்காப் பார் எண்டு. நான் பாக்கேல்ல. பாக்காமல் தடியைத் தூக்கினன்."

கஜன் அவளைப் பார்த்தான். பிறகு சிரித்தான், நிசமாகவே, தலையை ஆட்டிக்கொண்டு. "சும்மா விடுங்கோ அண்ணி. என்னை மறிக்கிறதுக்காக உங்களை ஏன் இதுக்குள்ள இழுக்கிறியள்? நீங்கள் பாத்தனீங்கள். பொலிஸின்ர பேப்பரில இருக்கு."

"நான்தான் அப்பிடிச் சொன்னனான்."

"அண்ணி."

"என்ரையைப் பாக்கிறதுக்காகத் தேடலுக்குத் திருப்பினவர். திருப்பி மாத்த விட்டுப்போச்சு. அதைப் பிடிக்கிறதுக்குத்தானே மற்ற ஆள். அதுக்குத்தானே நான். கையுறையைக் கழட்டுறதுக்குப் பஞ்சியா இருந்தது. கோவமா இருந்தன்."

"என்ன கோவம்? அண்ணாவோட உங்களுக்கு என்ன கோவம்?" அவன் இன்னும் நம்பவில்லை. குரலில் ஒரு விளையாட்டு மிச்சம் இருந்தது, பிடிபடப்போகிற பொய்யை எதிர்பார்க்கிறவனின் விளையாட்டு.

"நத்தாருக்கு ஒஸ்லோவுக்கு வாறம் எண்டு முதல்நாள் மாமிக்குப் ஃபோனில சொல்லிப்போட்டார். என்னைக் கேக்காமல். காரில வைச்சுத்தான் எனக்குச் சொன்னவர்."

அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. நீட்டிய கை மட்டும் நீட்டியபடியே இருந்தது. அவன் மடியிலிருந்த பனிக்கட்டியின் ஒரு மூலை உடைந்து உருண்டது.

"அந்தக் ஃபோன் வரேக்க நான் அம்மாவுக்குப் பக்கத்தில இருந்தனான்," என்றான். "சத்தமாப் போட்டிருந்தவ. அண்ணா சிரிச்சவர். வத்சிக்கு இன்னும் சொல்லேல்ல, நாளைக்கு மலைக்குப் போகேக்க சொல்லுறன், அங்க எண்டா என்னை விட்டிட்டுப் போகேலாதெல்லோ எண்டு."

இதை அவள் கேட்டதில்லை. ஒரு வருடமாக அந்தக் காலையின் ஒவ்வொரு அங்குலத்தையும் நடந்து நடந்து தேய்த்திருந்தாள், இப்படி ஒரு சொல் அங்கே கிடந்தது அவளுக்குத் தெரியாது. அவர் யோசித்து வைத்திருக்கிறார், எங்கே வைத்துச் சொல்வது என்று. அவருடைய சிரிப்பு காதுக்குள் வந்தது, முழுதாக, மூக்கால் வருகிற அந்த முடிவோடு. இவ்வளவு நாளும் அது வர மறுத்திருந்தது, இந்த நேரம் பார்த்து வந்தது. கஜன் குழிக்குள்ளிருந்து எழும்பினான். எழும்பினதும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவனாக நின்றான். பிறகு குனிந்து குழியை மூடத் தொடங்கினான். மூட வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை, ஆனால் சவளால் அள்ளி அள்ளிப் போட்டான், வேகமாக, கண்ணைத் துடைக்காமல், புல் மறையும்வரை, கல் மறையும்வரை. அவள் தன்னுடைய சவளை எடுக்கக் கை வைத்தாள். "வேண்டாம்," என்றான். அவள் எடுக்கவில்லை.

முடிந்ததும் அவன் அவள் கையிலிருந்த தன் தடிகளை வாங்கினான். பிடுங்கவில்லை. நாலில் தன்னுடைய இரண்டைப் பார்த்து எடுத்துக்கொண்டான்.

"ஆரணிக்குத் தெரியுமே?"

"இல்லை."

"அவள் கையில எழுதிக்கொண்டு திரியிறாள் அண்ணி." அவன் ஏறும்போது வழுக்காதிருக்க ஸ்கியின் அடியில் ஒட்டியிருந்த ஏறுதோலை ஒரே இழுவையில் உரித்தான், அந்தக் கிழிகிற சத்தம் மலையில் பட்டுத் திரும்பியது. "நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். அம்மாவுக்கும் சொல்ல மாட்டன். நீங்கள்தான் அவளுக்குச் சொல்லோணும்."

"ஓம்."

"இண்டைக்கு."

அவன் வந்த வழியாகவே இறங்கத் தொடங்கினான், மேலே ஒரு தரமும் பார்க்காமல். அவளுக்குத் தோலை உரித்துச் சுருட்டிப் பைக்குள் வைக்க நேரம் பிடித்தது, விரல்கள் சொல்வழி கேட்கவில்லை, சப்பாத்தின் குதியை ஸ்கியோடு பூட்டுகிற கொளுவி விழ மறுத்தது, குதியால் உதைத்து உதைத்து விழுத்தினாள். நிமிர்ந்தபோது அவன் இல்லை. பேர்ச் மரங்கள் தொடங்குகிற இடத்தில் பாதை வளைகிறது, அதற்குப் பின்னால் போய்விட்டிருப்பான். போகட்டும். இந்தப் பக்கம் சரிவில்லை, பயமில்லை, தனியாகவே இறங்கலாம், கார்த் திறப்பு அவனிடம்தான் இருக்கிறது, கார் இல்லாவிட்டால் வீதியால் நடக்கலாம், ஏழு கிலோமீற்றர், நடக்கலாம். ஒரு வருடமாக இருந்த பாரம் இறங்கிவிடும் என்று எங்கோ ஒரு மூலையில் நம்பியிருந்தாள் போலும். அது இறங்கவில்லை, இடம் மாறியிருந்தது, இப்போது முன்பக்கத்தில் இருந்தது, சமையலறை மேசையில், எதிரே ஆரணி இருக்கிற கதிரையின் உயரத்தில். எப்படித் தொடங்குவது. உன்ர அப்பா மறதிக்காரர் இல்லை. அதிலிருந்து தொடங்கலாம். அதற்கு அடுத்த வசனத்தை நினைத்ததும் கால் தடுமாறிக் கல்லில் உரசியது; மெல்லிய பனி, எங்கு பார்த்தாலும் கல்.

வளைவைத் தாண்டியதும் அவன் நின்றுகொண்டிருந்தான். முதுகு காட்டி, நாற்பது அடி முன்னால், தடிகள் இரண்டிலும் சாய்ந்து. அவள் ஸ்கி பனியில் உரசுகிற சத்தம் கேட்டிருக்கும். அவன் திரும்பவில்லை. அவள் முழுதாக வெளியே வந்த பிறகு தடியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போனான். அடுத்த வளைவில் மறைந்தான். அவள் அங்கே போனபோது, மறுபடி நாற்பது அடி முன்னால், முதுகு, நின்றுகொண்டிருந்தது. சத்தம் கேட்டதும் நகர்ந்தது. ஒருவரை ஒருவர் கேட்கிற தூரத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விதி, அவன் விதிக்காக நிற்கிறானோ அவளுக்காக நிற்கிறானோ என்று அவளால் சொல்ல முடியவில்லை, கேட்கவும் முடியாது. இடையிலுள்ள நாற்பது அடியை அவன் கூட்டவுமில்லை, குறைக்க விடவுமில்லை. தெற்கே அந்தச் செம்மையும் போய்விட்டது. அவள் நின்றால் அவனும் நிற்பான். இந்தப் பேர்ச் மரங்களுக்கு நடுவே எவ்வளவு நேரமென்றாலும் இரண்டு பேரும் இப்படியே நிற்கலாம், கீழே ஒன்றும் தொடங்காது. அவள் நிற்கவில்லை.